அடுத்து வரும் எண் எது?

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு 2003 ஜனவரியில் தடை விதிக்கப்பட்டது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஆயினும், 'மூன்று எண் லாட்டரி விற்றவர் கைது' என்ற செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களிலிருந்து இன்னும் மறையவில்லை. இந்த வணிகத்துக்கு அச்சிட்ட சீட்டுகூடத் தேவையில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதிய மூன்று இலக்கங்கள் போதும். கைப்பேசியில் அனுப்பும் ஒரு செய்தியே போதும். பிற மாநிலத்தில் நடக்கும் குலுக்கலில் வெற்றி பெற்ற எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களோடு அது பொருந்தினால் பணம். பொருந்தாவிட்டால் அன்றைய கூலியில் ஒரு பகுதி போயிற்று.

இதில் பணம் கட்டுவோர் சிந்திக்காமல் கட்டுகிறார்கள் என்று நினைப்பது தவறு. அவர்களில் பலர் முந்தைய குலுக்கல் முடிவுகளை நாள்வாரியாகக் குறித்து வைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளைக்குரிய கவனத்தோடு ஆராய்கிறார்கள். 'பத்து நாளாகக் கடைசி இடத்தில் 7 வரவில்லை. இனி வந்தே தீரும்', '338 நேற்றுதான் வந்தது. அதில் பணம் கட்டுவது வீண்', '555 போன்ற எண்ணெல்லாம் எங்கே வரப்போகிறது?' என்று அவர்கள் பேசிக்கொள்வதில் ஒரு தர்க்கம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. படித்தவர்களும் இப்பேச்சுக்குத் தலையாட்டுவதுண்டு. இந்தக் கூற்றுகள் சரியா, தவறா என்பதை நம்பிக்கையாலோ அறிவுரையாலோ முடிவு செய்ய வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தால் போதும். அதற்குத் தேவைப்படுவது பெருக்கலும் கழித்தலும் மட்டுமே.

ஆயிரம் வழிகள்

ஒரு குலுக்கலில் ஒவ்வொரு இடத்துக்கும் 0 முதல் 9 வரையிலான பத்து இலக்கங்களில் ஒன்று, பாரபட்சமின்றி வருகிறது என்று கொள்வோம். முதல் இடத்துக்குப் பத்து வழி, இரண்டாவதற்குப் பத்து வழி, மூன்றாவதற்குப் பத்து வழி. ஆக, 10 × 10 × 10 = 1,000. 000-இல் தொடங்கி 999 வரை ஆயிரம் முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு. நிகழ்தகவுக் கணக்கின் அடித்தளம் இவ்வளவுதான்: நடக்கக்கூடியவை மொத்தம் எத்தனை, அவற்றில் நமக்கு வேண்டியவை எத்தனை என்று எண்ணி, இரண்டாவதை முதலாவதால் வகுப்பது.

இந்த ஆயிரத்தில், மூன்று இலக்கங்களும் வெவ்வேறாக அமைபவை எத்தனை? முதல் இடத்தில் எந்த இலக்கமும் வரலாம். இரண்டாவதில் எஞ்சிய ஒன்பதில் ஒன்று. மூன்றாவதில் எஞ்சிய எட்டில் ஒன்று. 10 × 9 × 8 = 720. மூன்றும் ஒன்றாக அமைபவை 000, 111 எனத் தொடங்கி 999 வரை பத்து. மீதமுள்ள 270 எண்களில் ஓர் இலக்கம் சரியாக இருமுறை வருகிறது. அதாவது, நூற்றுக்கு 28 குலுக்கல்களில் ஏதேனும் ஓர் இலக்கம் திரும்ப வரும்.

இலக்கங்கள் கூடக்கூட இந்த விகிதம் வேகமாக உயர்கிறது. நான்கு இலக்கங்கள் கொண்ட 10,000 எண்களில் நான்கும் வெவ்வேறாக அமைபவை 5,040 மட்டுமே. ஏறத்தாழப் பாதியில் ஏதோ ஓர் இலக்கம் மீண்டும் வருகிறது. ஐந்து இலக்கங்கள் என்றால் நூற்றுக்கு எழுபதில் மீண்டும் வரும். பத்து இலக்கங்களைக் குலுக்கி எடுத்தால், பத்தும் ஆளுக்கொருமுறை தலைகாட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 2,756-இல் ஒன்று. ஆனால், 'கலைந்து கிடக்கும் எண்' என்றதும் நம் மனம் எதையும் திரும்பச் சொல்லாத ஓர் எண்ணையே கற்பனை செய்கிறது. இயற்கையான குலுக்கலோ திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கமுடையது.

அப்படியானால், 555 வருவது அரிது என்பது சரிதானே என்று கேட்கலாம். மூன்றும் ஒன்றாக உள்ள எண்கள் ஆயிரத்தில் பத்துதான் என்பதால், அந்த வகை அரிதானது என்பது உண்மை. ஆனால், நாம் பணம் கட்டுவது ஒரு வகையின் மீதன்று. ஒரு தனி எண்ணின் மீது. 555-க்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு; 472-க்கும் ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. 472 பெரிய கூட்டத்தில் ஓர் உறுப்பினர். 555 சிறிய கூட்டத்தில் ஓர் உறுப்பினர். கூட்டம் பெரிது என்பதால் அதிலுள்ள தனி ஆளின் உயரம் கூடிவிடுவதில்லை.

வரிசையும் கழித்தலும்

வரிசை மாறி வந்தாலும் பரிசு என்று ஒரு விதி இருந்தால் நிலைமை மாறும். 123 என்று கட்டியவருக்கு 123, 132, 213, 231, 312, 321 என ஆறு எண்கள் துணை நிற்கும். 122 என்று கட்டியவருக்கு 122, 212, 221 என மூன்றுதான். 555-க்கு ஒன்றே ஒன்று. இங்கே எண்ணுக்கு எண் வாய்ப்பு வேறுபடுகிறது. ஒரே பணத்தைக் கட்டி ஒரே பரிசை எதிர்பார்க்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவரைப்போல் இரு மடங்கு வாய்ப்பு!

இந்த நுட்பம் பழைமையானது. மூன்று பகடைகளை உருட்டும்போது கூட்டுத்தொகை 9 வருவதற்கும் 10 வருவதற்கும் ஆறு ஆறு சேர்க்கைகளே இருக்க, 10 மட்டும் சற்றுக் கூடுதலாக வருவது ஏன் என்ற கேள்வி 17ஆம் நூற்றாண்டில் கலிலியோவிடம் வந்தது. சேர்க்கைகளை எண்ணக் கூடாது, வரிசைகளை எண்ண வேண்டும் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். மொத்தமுள்ள 216 வரிசைகளில் 9-க்கு 25, 10-க்கு 27. 3, 3, 3 என்ற சேர்க்கை ஒரே வழியில்தான் அமையும் என்பதும், 1, 2, 6 என்பது ஆறு வழிகளில் அமையும் என்பதும் மறந்துபோனால் இரண்டும் சமமாகவே தோன்றும்.

இனி, மற்றொரு பொதுவான பிழை. மூன்று இலக்கங்களில் 7 ஒருமுறையாவது வரும் வாய்ப்பு என்ன? ஓரிடத்தில் பத்தில் ஒன்று. மூன்று இடங்களுக்குப் பத்தில் மூன்று. ஆக 30 சதவீதம் என்று சட்டென்று விடை வரும். இதே முறையில் கணக்கிட்டால் பத்து இடங்களுக்கு 100 சதவீதம் என்றும், பதினோரு இடங்களுக்கு 110 சதவீதம் என்றும் வந்து நிற்கும். நூற்றுக்கு நூற்றுப்பத்து வாய்ப்பு என்ற ஒன்று உலகில் இல்லை. எனவே, வழியில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது.

சரியான வழி, வேண்டாததை எண்ணிக் கழிப்பது. 7 ஓரிடத்திலும் வராத எண்கள் 9 × 9 × 9 = 729. ஆயிரத்தில் அவற்றைக் கழித்தால் 271. அதாவது 27.1 சதவீதம். விடுபட்ட 29 எங்கே போயிற்று? முதல் இடத்தில் 7 உள்ளவை நூறு, இரண்டாவதில் நூறு, மூன்றாவதில் நூறு என்று கூட்டியபோது, 7 இருமுறை வரும் 27 எண்களை இரண்டு தடவையும், 777-ஐ மூன்று தடவையும் எண்ணிவிட்டோம். கூடுதலாக எண்ணியவை 27 + 2 = 29. ஒரே குடும்பத்தின் பெயரை இரண்டு பட்டியல்களில் எழுதிவிட்டு, பயனாளிகள் பெருகிவிட்டார்கள் என்று அறிக்கை தருவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

குலுக்கலுக்கு நினைவாற்றல் இல்லை

'பத்து நாளாக 7 வரவில்லை' என்ற கூற்றுக்கு வருவோம். கடைசி இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் 7 வராமலிருக்க வாய்ப்பு பத்தில் ஒன்பது. பத்து நாளும் வராமலிருக்க 0.9-ஐப் பத்து தடவை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.35. நூற்றுக்கு முப்பத்தைந்து! இது வியப்புக்குரிய நிகழ்ச்சியே அன்று. ஒவ்வோர் இலக்கத்துக்கும் இதே கணக்குதான் என்பதால், எந்தப் பத்து நாள் பட்டியலை எடுத்தாலும் சராசரியாக மூன்று அல்லது நான்கு இலக்கங்கள் அதில் இடம்பெற்றிருக்காது. முப்பது நாள் பட்டியலில்கூட, ஏதேனும் ஓர் இலக்கம் அறவே வராமலிருக்க வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம்.

குறிப்பேடு வைத்திருப்பவரின் சிக்கல் இதில்தான் அடங்கியிருக்கிறது. அவர் எந்த நாளில் புரட்டிப் பார்த்தாலும் 'வரவேண்டிய பாக்கி' உள்ள இலக்கம் ஒன்று அதில் இருந்தே தீரும். குறிப்பேடு அவரை ஒருபோதும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பாது. ஆகவே, தாம் ஏதோ ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நம்புகிறார். பத்து நாள் வராத 7, பதினோராம் நாள் வருவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். நேற்று வந்த 338, இன்று வருவதற்கான வாய்ப்பும் ஆயிரத்தில் ஒன்றுதான். நேற்று என்ன வந்தது என்பது குலுக்கும் பொறிக்குத் தெரியாது.

நீண்ட காலத்தில் எல்லா இலக்கங்களும் சமமாகிவிடும் என்பது கணிதம் சொல்லும் விதிதானே என்ற மறுப்பு எழலாம். விகிதங்கள் நெருங்கிவரும் என்பதே அந்த விதி. பாக்கி தீர்க்கப்படும் என்று அது சொல்லவில்லை. முதல் பத்துக் குலுக்கல்களில் ஒருமுறை வந்திருக்க வேண்டிய 7 வரவேயில்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த 990 குலுக்கல்களில் அது சராசரியாக 99 முறை வரும். ஆயிரத்துக்கு 100 வரவேண்டிய இடத்தில் 99. அந்த ஒன்று ஈடுசெய்யப்படவே இல்லை. ஆனால், 10 சதவீதத்துக்குப் பதில் 9.9 சதவீதம் என்று ஆகிவிட்டதால், குறை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிட்டது.

இந்தத் தவறான நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநில அரசு நடத்தும் மூன்று இலக்க லாட்டரியின் தரவுகளைச் சார்லஸ் க்ளாட்ஃபெல்டர், பிலிப் குக் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 1993-இல் கட்டுரை வெளியிட்டனர். ஓர் எண் வெற்றி பெற்றதும் அதன் மீது கட்டப்படும் பணம் சட்டென்று சரிகிறது. பழைய அளவை எட்ட அதற்குச் சில மாதங்கள் ஆகின்றன என்று அவர்கள் கண்டனர். நியூ ஜெர்சி மாநிலத்தின் விதி சற்று வேறு. அங்கே பரிசுத் தொகையை வெற்றி பெற்றவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். எனவே, அண்மையில் வந்த எண்ணை எல்லோரும் ஒதுக்குவதால், அதே எண் மீண்டும் வரும்போது கட்டிய சிலருக்குக் கூடுதல் தொகை கிடைக்கிறது என்பதை டெக் டெரல் என்ற பொருளியலாளர் 1994-இல் காட்டினார். நம்பிக்கையின் பிழைக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது. அதை எண்களில் காணவும் முடிகிறது.

எண்ணிக்கையைப் பணமாக்கினால்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில அரசு நடத்தும் மூன்று இலக்க லாட்டரியில், மூன்று இலக்கங்களும் வரிசை மாறாமல் பொருந்தினால் ஒரு டாலருக்கு 500 டாலர் பரிசு. வாய்ப்போ ஆயிரத்தில் ஒன்று. எனவே, கட்டும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாகத் திரும்புவது அரை டாலர். சட்டப்படி, தணிக்கைக்கு உட்பட்டு நடக்கும் ஆட்டத்தின் நிலையே இது. சட்டத்துக்குப் புறம்பாக நடப்பதில் இந்த அரைப் பங்கும் திரும்ப வரும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. பரிசு விழுந்தாலும் கொடுக்காமல் தலைமறைவாகிவிட்டால் எந்தக் காவல் நிலையத்தில் போய்ப் புகார் செய்வது?

ஒருவர் நாள்தோறும் நூறு ரூபாய் வீதம், வேலை கிடைக்கும் 300 நாட்கள் ஓர் எண்ணின் மீது கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிசு விகிதமும் மேற்சொன்ன அளவிலேயே தாராளமாக இருப்பதாகக் கொள்வோம். அவர் கட்டும் தொகை 30,000 ரூபாய். சராசரி இழப்பு 15,000 ரூபாய். ஆனால், இந்தச் சராசரியும் உண்மையை மறைக்கிறது. 300 நாட்களில் ஒருமுறைகூட வெல்லாதிருக்க வாய்ப்பு, 0.999-ஐ 300 தடவை பெருக்கினால் வருவது: 74 சதவீதம். அதாவது, நால்வரில் மூவருக்கு இழப்பு 15,000 அன்று, முழு 30,000. ஆயிரம் நாட்கள் கட்டினாலும் நூற்றுக்கு முப்பத்தேழு பேர் ஒரு தடவைகூட வென்றிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு மோசமான வணிகம் எப்படி நிலைத்து நிற்கிறது? ஒரு வட்டாரத்தில் நாள்தோறும் ஆயிரம் பேர் ஆளுக்கோர் எண்ணின் மீது கட்டினால், சராசரியாக நாளுக்கு ஒருவர் வெல்வார். வென்றவரின் பெயர் மாலைக்குள் தெருவெங்கும் பரவும். தோற்ற 999 பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். 'யாரோ ஒருவர் வெல்வார்' என்பதற்கான வாய்ப்பும் 'நான் வெல்வேன்' என்பதற்கான வாய்ப்பும் ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்கு வேறுபட்டவை. காதில் விழுவது முதலாவது. கையிலிருந்து பணம் போவது இரண்டாவதற்காக.

மோசடியைக் காட்டிக்கொடுத்த எட்டு எண்கள்

நேர்மையான குலுக்கலில் ஒழுங்கைத் தேடுவது வீண் என்பதால், ஒழுங்கு என்ற ஒன்றே எப்போதும் பொய் என்று ஆகிவிடாது. முறைகேடு நடக்கும்போது அது எண்ணிக்கையில் தடம் பதிக்கும். பென்சில்வேனியாவில் 1980 ஏப்ரல் 24 அன்று நடந்தது அதற்குச் சான்று.

அந்த மாநிலத்தின் மூன்று இலக்கக் குலுக்கல் பிட்ஸ்பர்க் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் நேரலையாக நடத்தப்பட்டது. மூன்று பொறிகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்து இலேசான பந்துகள். காற்று பந்துகளை அலைக்கழிக்க, மேலே எழும்பும் பந்தின் எண்ணே முடிவு. சதிகாரர்கள் 4, 6 ஆகிய இரண்டைத் தவிர மற்ற பந்துகளுக்குள் ஊசியால் வண்ணக் குழம்பைச் செலுத்தி எடையைக் கூட்டினர். எடை கூடியவை மேலெழும்ப முடியாது. ஆகவே, ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டே வாய்ப்புகள்: 2 × 2 × 2 = 8. அந்த எட்டு எண்களையும் அவர்கள் பல இடங்களில் வாங்கிக் குவித்தனர். ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு எட்டில் ஒன்றாகிவிட்டது. எட்டையும் வாங்கியவருக்கோ அது உறுதியாகிவிட்டது.

அன்று வந்த எண் 666. பலரும் அந்த எண்ணின் தோற்றத்தைக் கண்டே ஐயுற்றனர். ஆனால், நாம் மேலே கண்டபடி, 666 வருவதில் தனியாக வியப்பதற்கு ஒன்றுமில்லை. எந்த நேர்மையான குலுக்கலிலும் அது வரலாம். உண்மையான தடயம் வேறிடத்தில் இருந்தது. 4, 6 ஆகியவை மட்டுமே கலந்த எட்டு எண்களின் மீது வழக்கத்துக்கு மாறான அளவில் பணம் கட்டப்பட்டிருந்தது. விசாரணை நடந்து, குலுக்கலைத் தொகுத்து வழங்கிய தொலைக்காட்சி அறிவிப்பாளர் 1981-இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. எண் விசித்திரமாகத் தோன்றுவது சான்றாகாது. 'இப்படி நடப்பதற்கு எத்தனை வழிகள் உண்டு' என்று எண்ணிப் பார்த்த பிறகு எஞ்சும் ஐயமே சான்றுக்கு வழிகாட்டும்.

நாட்டுக்கு உதவும் சமவாய்ப்பு இலக்கங்கள்

சூதாட்டக்காரரைக் கெடுக்கும் இந்த ஒழுங்கின்மையே புள்ளியியலுக்குப் பெருந்துணை. ஒரு மாவட்டத்தின் விளைச்சலையோ குடும்பச் செலவையோ மதிப்பிட எல்லா வயல்களையும் எல்லா வீடுகளையும் அணுக முடியாது. சிலவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வைக் கணக்கெடுப்பவரின் விருப்பத்துக்கு விட்டால், சாலையோர வீடுகளும் வரவேற்று உபசரிக்கும் வீடுகளும் மட்டுமே பட்டியலில் சேரும். விருப்பு வெறுப்பில்லாத இலக்கங்கள் அந்தச் சார்பைத் தடுக்கின்றன. இங்கிலாந்தின் எல்.எச்.சி. டிப்பெட் 1927-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டது இத்தேவைக்காகவே. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1955-இல் பத்து லட்சம் இலக்கங்களை நூலாக்கியது. பி.சி. மகாலனோபிஸின் முன்முயற்சியால் நம் நாட்டில் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு நிற்பதும் இந்தச் சமவாய்ப்புத் தேர்வு என்ற அடித்தளத்தின் மீதுதான்.

இலக்கங்கள் உண்மையிலேயே பாரபட்சமற்றவையா என்று சோதிப்பது எப்படி? மாரிஸ் கெண்டல், பாபிங்டன் ஸ்மித் ஆகிய இருவரும் 1938-இல் வகுத்த சோதனைகளில் ஒன்றுக்குப் போக்கர் சீட்டாட்டத்தின் பெயர். இலக்கங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, எத்தனை கொத்துகளில் இலக்கம் திரும்ப வருகிறது என்று எண்ணுவது அது. நான்கு இலக்கக் கொத்தாயின், 10,000-க்கு 5,040-இல் நான்கும் வெவ்வேறு. 4,320-இல் ஓர் இணை. 270-இல் இரண்டு இணைகள். 360-இல் மூன்று ஒத்த இலக்கங்கள். 10-இல் நான்கும் ஒன்று. ஓர் அட்டவணை இந்த விகிதங்களிலிருந்து மிகவும் விலகினால் அது தேறாது.

களத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தபடியே படிவத்தை நிரப்பும் கணக்கெடுப்பாளர் மாட்டிக்கொள்வதற்கும் இதுவே ஒரு வழி. கற்பனையில் எண்களை எழுதுபவர், பக்கத்தில் பக்கத்தில் ஒரே இலக்கம் வராமல் கவனமாகத் தவிர்ப்பார். ஆனால், நூறு சமவாய்ப்பு இலக்கங்களில் அடுத்தடுத்து ஒரே இலக்கம் வருவது சராசரியாகப் பத்து முறை நிகழ வேண்டும். புனைந்த பட்டியல் உண்மையான பட்டியலைவிட அதிகமாகக் கலைந்திருக்கும். அந்த மிகையே அதைக் காட்டிக்கொடுக்கும்.

சட்டமும் வகுப்பறையும்

நாடாளுமன்றம் இயற்றிய 1998ஆம் ஆண்டு லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், ஒற்றை இலக்கத்தின் அடிப்படையில் பரிசு வழங்கக் கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. ஒற்றை இலக்கத்தில் பத்தில் ஒருவர் வெல்வார் என்பதால், ஒவ்வொருவரும் அடிக்கடி சிறு வெற்றிகளை ருசிப்பார். அந்த ருசியே மீண்டும் மீண்டும் இழுத்து வரும். அத்தகைய ஆட்டத்தைச் சட்டம் விலக்கி வைத்திருப்பது பொருத்தமே. தமிழ்நாடு ஒரு படி மேலே சென்று லாட்டரியையே தடை செய்தது. ஆனால், தடையினால் விற்பவரைக் கைது செய்யலாம். வாங்குபவரின் குறிப்பேட்டை மூட முடியாது. அதை அவரேதான் மூட வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் நிகழ்தகவு இருக்கிறது. பகடை, நாணயம், சீட்டுக்கட்டு என்று கணக்குகள் போடப்படுகின்றன. தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகின்றன. அதற்குப் பதிலாக, 0 முதல் 9 வரை எழுதிய பத்துத் துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, பத்து முறை எடுக்கச் சொல்லலாம். எந்தெந்த இலக்கங்கள் வரவில்லை என்று குறித்துவிட்டு, 'அடுத்து வருவது எது?' என்று மாணவர்களைக் கேட்கலாம். பெரும்பாலோர் வராத இலக்கத்தையே சொல்வார்கள். பிறகு அதையே பலமுறை எடுத்துப் பார்த்து, அவர்கள் சொன்னது எத்தனை முறை பலித்தது என்று கரும்பலகையில் எழுதலாம். செலவில்லாத சோதனை, ஒரு பாடவேளை போதும். வராமலிருந்த இலக்கமும் வந்துபோன இலக்கமும் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே பலிப்பதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே காண்பார்கள்.

அந்த மாணவர்களில் சிலருடைய வீடுகளில் மாலைதோறும் ஒரு குறிப்பேடு திறக்கப்படக்கூடும். பத்து நாளாக 7 வரவில்லை என்று பெரியவர் ஒருவர் சொல்லும்போது, வராமலிருப்பது நூற்றுக்கு முப்பத்தைந்து தடவை நடப்பதுதான் என்று பிள்ளையால் சொல்ல முடிய வேண்டும். அடுத்து வரும் எண் எது என்ற கேள்விக்கு விடை அந்தக் குறிப்பேட்டில் இல்லை. ஆயிரத்தில் எதுவாகவும் இருக்கலாம் என்பதே விடை. அதைச் சொல்லித்தர ஆகும் செலவு, ஒரு நாள் கூலியில் துண்டுத் தாளுக்குப் போகும் தொகையைவிட மிகக் குறைவு.